நான்சனும் திரும்பும் வழியும்

ஃப்ரித்யோஃப் நான்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பேரைப் பற்றி எழுதுகிறார்கள். நுண்ணோக்கியின் கீழ் நரம்புத் திசுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் விலங்கியல் ஆராய்ச்சியாளர் ஒருவர். துருவப் பனியில் சறுக்குக் கட்டைகளோடு நின்ற சாகசக்காரர் ஒருவர். ஜெனிவாவில் சர்வதேச சங்கத்தின் மேடையில் அகதிகளுக்காக மன்றாடிய வெண்மீசைக் கிழவர் ஒருவர். இந்த மூவரையும் 'பின்னர்' என்ற சொல்லால் ஒட்டிவிடுகிறார்கள். பின்னர் அவர் துருவத்துக்குப் போனார், பின்னர் அவர் அரசியலுக்கு வந்தார். வரலாற்றில் இந்தப் 'பின்னர்' எதையும் விளக்குவதில்லை. விளக்கவேண்டிய பொறுப்பிலிருந்து எழுதுகிறவனைத் தப்பிக்கவைக்கிறது, அவ்வளவுதான்.

விஞ்ஞானி அரசியலுக்கு வரும்போது அவனோடு என்ன வருகிறது என்பதே கேள்வி. அவனுடைய அறிவா, புகழா, அல்லது பொருட்களைக் கையாண்டு பழகிய மனத்தின் பழக்கமா? நான்சன் விஷயத்தில் மூன்றும் வந்தன. மூன்றாவதுதான் கவனிக்கத் தக்கது என்று எனக்குப் படுகிறது. அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு பிரச்சினையைச் சுற்றி வந்திருக்கிறது: திரும்பும் வழி.

1

நான்சன் 1861 அக்டோபர் 10 அன்று, இன்று ஆஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்தியானியாவுக்கு அருகே பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பல்கலைக்கழகத்தில் விலங்கியலைத் தேர்ந்தெடுத்தார். 1882இல் சீல் வேட்டைக் கப்பல் ஒன்றில் ஆர்க்டிக் கடலுக்குப் போய்வந்தார். அதே வருஷம் பெர்கன் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த அர்மாவர் ஹான்சனின் நகரம் அது. அங்கே ஆறு வருஷங்கள், தாழ்ந்த நிலைக் கடல் உயிரினங்களின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்தார். 1886இல் இத்தாலிக்குப் போனார். பவியா நகரில் காமிலோ கால்ஜி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களைக் கருநிறமாக்கிக் காட்டும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அதை நேரில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

அன்றைய பெருவாரியான கருத்து, நரம்பிழைகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து அறுபடாத ஒரே வலையாக இருக்கின்றன என்பது. கால்ஜியே அப்படித்தான் நம்பினார். அவரிடம் கற்ற முறையைக் கொண்டே நான்சன் அதற்கு எதிரான முடிவுக்கு வந்தார்: இழைகள் நெருங்குகின்றன, பின்னுகின்றன, ஆனால் ஒன்றாகிவிடுவதில்லை. இதை 1887இல் வெளியிட்டார். வில்ஹெல்ம் ஹிஸ், ஆகஸ்ட் ஃபோரெல் இருவரும் ஏறக்குறைய அதே சமயத்தில் இதே திசையில் சிந்தித்திருந்தார்கள். ஸ்பெயினில் ரமோன் கஹால் அடுத்த வருஷம் தொடங்கி இதை அசைக்கமுடியாமல் நிறுவினார். நரம்பணுக் கோட்பாட்டின் சரித்திரத்தில் நான்சனுக்கு உள்ள இடம் சிறியதுதான். ஆனால் ஆசிரியரின் கருவியை வாங்கி ஆசிரியரின் நம்பிக்கையைக் கைவிடும் துணிவு அதில் இருக்கிறது.

1888 ஏப்ரல் 28இல் டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. சில நாட்களுக்குள் அவர் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

2

கிரீன்லாந்தின் உட்புறப் பனிப்பரப்பை அதுவரை யாரும் குறுக்கே கடந்ததில்லை. முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையில் தொடங்கினார்கள். வழி கடினமானதும், விட்டுவந்த கரைக்கே திரும்பினார்கள். நான்சன் தலைகீழாக யோசித்தார். ஆளரவமற்ற கிழக்குக் கரையில் இறங்கிவிட்டால் பின்னால் ஒன்றுமில்லை. உயிர்பிழைக்க ஒரே வழி முன்னால் நடப்பது.

இது வெறும் வீரம் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். இது ஒரு சோதனையின் அமைப்பு. ஆய்வுக்கூடத்தில் தேவையற்ற மாறிகளை நீக்குவதுபோல், மனிதனின் தயக்கத்தை ஒரு மாறியாகக் கண்டு அதை நீக்கியிருக்கிறார். ஆறு பேர். ஒட்டோ ஸ்வெர்ட்ரூப்பும் இன்னும் இரு நார்வேக்காரர்களும், சாமி இனத்தவரான பால்டோ, ராவ்னா இருவரும், நான்சனும். 1888 ஆகஸ்ட் 15இல் நடக்கத் தொடங்கி, அக்டோபர் 3இல் மேற்குக் கரையில் உள்ள கோட்ஹாப் குடியிருப்பை அடைந்தார்கள். ஊருக்குப் போகும் கடைசிக் கப்பல் கிளம்பிவிட்டிருந்தது. குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கி, எஸ்கிமோக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட மக்களோடு பழகினார். அவர்களைப் பற்றி 1891இல் அவர் எழுதிய புத்தகம், ஐரோப்பியத் தொடர்பு அவர்களுக்கு நன்மை செய்ததா என்று சந்தேகிக்கிறது. பின்னாளைய அரசியல்வாதியின் முதல் குரல் இங்கே கேட்கிறது.

அடுத்தது ஃப்ராம். அமெரிக்கக் கப்பலான ஜானெட், 1881இல் சைபீரியாவின் வடக்கே பனியில் நொறுங்கியது. அதன் சிதைவுகள் 1884இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. துருவக் கடலின் குறுக்கே ஒரு நீரோட்டம் இருக்கிறது என்று வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் ஊகித்தார். நான்சன் அந்த ஊகத்தின்மேல் பதின்மூன்று பேரின் உயிரை வைத்தார். கப்பலைப் பனியில் வேண்டுமென்றே உறையவிடுவது. பனியோடு அதுவும் மிதந்து போவது. காலின் ஆர்ச்சர் கட்டிய கப்பலுக்கு உருண்டையான அடிப்பாகம். பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே வழுக்கி எழும். துருவ அனுபவசாலிகள் பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள்.

1893 ஜூன் 24இல் புறப்பட்ட ஃப்ராம், செப்டம்பரில் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் உறைந்தது. கணக்கு சரியாகவே இருந்தது, வேகம்தான் இல்லை. மிதவை துருவத்தைத் தொடாது என்று தெரிந்ததும், 1895 மார்ச் 14இல் நான்சன் ஹ்யால்மர் யோஹான்சனோடு, 28 நாய்களோடு கப்பலை விட்டு இறங்கினார். நகர்ந்துகொண்டே இருக்கும் கப்பலுக்கு மறுபடி வருவது சாத்தியமில்லை. மீண்டும் அதே தர்க்கம். ஏப்ரலில் 86 பாகை 14 கலை வரை போனார்கள். அதுவரை மனிதன் எட்டிய மிக உயர்ந்த வடக்கு அது. அங்கிருந்து தெற்கே திரும்பி, ஃபிரான்ஸ் யோசஃப் தீவுகளில் கல்லையும் வால்ரஸ் தோலையும் கொண்டு ஒரு குழிவீடு அமைத்து, ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஒரே தூக்கப் பையில் படுத்த இந்த இருவரும், அந்த வருஷத்தின் கடைசி நாளில்தான் 'நீங்கள்' என்பதை விட்டு 'நீ' என்று அழைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பனியைவிடக் கெட்டியான சில விஷயங்கள் உண்டு.

1896 ஜூனில் ஆங்கிலேயர் ஃபிரடெரிக் ஜாக்சனைத் தற்செயலாகச் சந்தித்து மீண்டார்கள். ஆகஸ்ட் 13இல் நார்வேயின் வார்டோ துறைமுகத்தில் நான்சன் இறங்கிய அதே நாள், ஃப்ராமும் பனியிலிருந்து விடுபட்டது. பதின்மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள்.

துருவத்தை அவர் தொடவில்லை. ஆனால் விஞ்ஞானத்துக்குக் கிடைத்தது அதிகம். துருவத்தில் ஆழமற்ற கடல் இருப்பதாக எண்ணியிருந்த இடத்தில் மிக ஆழமான படுகை இருந்தது. பனி, காற்றின் திசையில் போகாமல் 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கமாக விலகிப் போவதை நான்சன் குறித்துவைத்தார். பூமியின் சுழற்சியே காரணம் என்றும் ஊகித்தார். அதைக் கணிதமாக்கியவர் ஸ்வீடனின் இளைஞர் எக்மன். இன்றும் கடலியல் மாணவன் படிக்கும் எக்மன் சுருள் இப்படிப் பிறந்தது. நான்சன் பின்னர் கடலியல் பேராசிரியரானார். ஆழ்கடல் நீரை எடுக்க அவர் வடிவமைத்த குப்பி அவர் பெயராலேயே வழங்கியது.

3

புகழ்பெற்றவனைத் தேசம் சும்மா விடாது. 1814 முதல் நார்வே ஸ்வீடனின் மன்னருக்குக் கீழ் இணைந்திருந்தது. ஃப்ராம் பயணத்துக்கு நிதி கொடுத்தவர்களில் அந்த மன்னர் இரண்டாம் ஆஸ்காரும் ஒருவர். 1905இல், வெளிநாடுகளில் தனக்கெனத் தூதரகங்கள் வேண்டும் என்ற நார்வேயின் கோரிக்கையில் நெருக்கடி முற்றியபோது, நான்சன் நார்வேப் பத்திரிகைகளிலும் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையிலும் எழுதினார். அவருடைய வாதம் சூடானது. ஆனால் போரை அவர் விரும்பவில்லை. ஜூன் 7இல் நார்வே நாடாளுமன்றம் இணைப்பு முடிந்ததாக அறிவித்தது. ஆகஸ்டில் மக்கள் வாக்களித்தார்கள்: பிரிவுக்கு ஆதரவு 3,68,208; எதிர்ப்பு 184. பெண்களுக்கு அதில் வாக்கு இல்லை.

டென்மார்க்கின் இளவரசர் கார்லை அரியணைக்குச் சம்மதிக்கவைக்கக் கோபன்ஹேகனுக்குப் போனவர்களில் நான்சனும் ஒருவர். கார்ல் மக்களின் ஒப்புதலைக் கேட்டார். நவம்பர் வாக்கெடுப்பு அதைக் கொடுத்தது. கார்ல் ஏழாம் ஹாக்கோன் ஆனார். நான்சன் 1906இல் லண்டனில் நார்வேயின் முதல் தூதரானார். நார்வேயின் எல்லைகளை வல்லரசுகள் மதிப்பதாக ஒப்புக்கொண்ட உடன்படிக்கை 1907 நவம்பரில் கையெழுத்தானது. அடுத்த மாதம் மனைவி ஈவா இறந்தார். நான்சன் பதவியை உதறிவிட்டுக் கடலுக்கே போனார்.

இழைகள் தனித்தனி என்று கண்டவர் தேசங்களும் தனித்தனி என்று கண்டார் என எழுதிவிட ஆசையாக இருக்கிறது. அந்த ஒப்புமையை நான் நம்பவில்லை. திசுவிலிருந்து தேசத்துக்குத் தாவுவது கவிதைக்குச் சரி, சரித்திரத்துக்குப் போதாது. ஆனால் ஒன்று உண்மை. 1905 அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது: பிரிவினை ரத்தமின்றி, வாக்கெண்ணிக்கையோடு, கையெழுத்துகளோடு நடக்கமுடியும். நல்ல அனுபவம் கற்பிக்கும் பாடங்களும் ஆபத்தானவை என்பது பின்னால் தெரிந்தது.

4

முதல் உலகப்போர் முடிந்தபோது அவருக்கு வயது 57. 1920 ஏப்ரலில் சர்வதேச சங்கம் அவரை அழைத்தது. ருஷ்யாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான போர்க்கைதிகள், போர் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியும், ஊர் திரும்ப முடியாமல் முகாம்களில் செத்துக்கொண்டிருந்தார்கள். சோவியத் அரசு சர்வதேச சங்கத்தோடு பேச மறுத்தது. நான்சன் என்ற தனிமனிதரோடு பேசச் சம்மதித்தது. கப்பல்களைத் திரட்டி, ரயில்களை ஏற்பாடு செய்து, 1922 வரை 4,27,886 பேரை வீடு சேர்த்தார். திரும்பும் வழியைத் தனக்கே அடைத்துக்கொண்டவர் இப்போது மற்றவர்களுக்கு அதைத் திறந்துகொண்டிருந்தார்.

1921இல் வோல்கா பிரதேசத்தில் பஞ்சம். செப்டம்பரில் சங்கத்தின் சபையில், 50 லட்சம் பவுன் கேட்டார். ஒரு போர்க்கப்பல் விலையில் பாதி என்றார். அரசுகள் மறுத்தன. சோவியத் ஆட்சிக்கு உதவியாகிவிடும் என்பது அவற்றின் அச்சம். அவர் தனியார் நன்கொடைகளை நம்பிப் போனார். பஞ்சத்தில் பெரும் பங்கு உணவளித்தது ஹூவரின் அமெரிக்க நிவாரண அமைப்புதான். நான்சனின் பங்கு சிறியது. சுமார் 50 லட்சம் பேர் இறந்தார்கள். அந்தப் பேச்சு தோற்றுப்போன பேச்சு என்பதை அவருடைய துதிபாடிகள் சொல்வதில்லை. தோற்றதால் அதன் நியாயம் குறைவதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

அதே வருஷம் ருஷ்ய அகதிகளின் பொறுப்பும் வந்தது. புரட்சியிலிருந்தும் உள்நாட்டுப் போரிலிருந்தும் வெளியேறியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 1921 டிசம்பரில் சோவியத் அரசு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. காகிதம் இல்லாதவன் எல்லை கடக்கமுடியாது. தங்கியிருக்கும் இடத்தில் வேலையும் செய்யமுடியாது. 1922 ஜூலையில் ஜெனிவாவில் கூடிய அரசுகள் ஒரு சான்றிதழை ஏற்றன. அதுதான் நான்சன் பாஸ்போர்ட். காலப்போக்கில் 50க்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றுக்கொண்டன. ஸ்ட்ராவின்ஸ்கி, ஷகால், நபகோவ் எல்லோரும் அதை வைத்திருந்தவர்கள்தாம். நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பெயர்கள் கவர்ச்சியாக இருக்கின்றன. பாரிஸில் டாக்சி ஓட்டிய, தொழிற்சாலைகளில் வேலைபார்த்த பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது.

அந்தக் காகிதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கொடுத்த நாட்டிலிருந்து வெளியே போகலாம்; தனி அனுமதி இல்லாமல் அந்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையை அது தரவில்லை. ஆகவே மற்ற நாடுகள் அவனை உள்ளே விடத் தயங்கின, அவன் தங்கள் தலையில் விழுந்துவிடுவானோ என்று. மறுநுழைவு அனுமதியைப் பற்றிய ஏற்பாடு 1926இல்தான் வந்தது.

5

இப்போது லோசான்.

1922 இலையுதிர் காலத்தில் கிரேக்கப் படை அனத்தோலியாவில் தோற்றது. ஸ்மிர்னா எரிந்தது. பத்து லட்சத்துக்கு அருகில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு ஓடிவந்தார்கள். நிவாரணத்துக்காக அங்கே போன நான்சன், அங்காரா, ஏதென்ஸ் இரண்டோடும் பேசினார். டிசம்பர் 1இல் லோசான் மாநாட்டில் அவருடைய அறிக்கை வாசிக்கப்பட்டது: இரு நாடுகளின் சிறுபான்மையினரையும் பரிமாற்றம் செய்துவிடுவது, உடனே செய்வது. டிசம்பர் 10இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு. 1923 ஜனவரி 30இல் பரிமாற்ற உடன்படிக்கை கையெழுத்தானது. அது கட்டாயப் பரிமாற்றம்.

இந்த யோசனையின் தந்தை யார் என்பதில் சண்டை உண்டு. வெனிசெலோஸ் என்பார்கள், துருக்கி அரசு என்பார்கள், நான்சன் என்பார்கள். யாராக இருந்தாலும், அதற்குத் தன் பெயரின் கௌரவத்தைக் கொடுத்தவர் நான்சன். அவருடைய நியாயங்கள் அற்பமானவை அல்ல. குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஓடிவந்தவர்களுக்கு நிலம் வேண்டும், வெளியேறும் முஸ்லிம்களின் நிலம் இருந்தது, தாமதம் பட்டினி. ஒரு நிர்வாகியாக அவர் சரியாகவே கணக்கிட்டார்.

ஆனால் மனிதர்களை எதைக்கொண்டு வகைப்படுத்துவது? உடன்படிக்கை மதத்தைக் கொண்டு வகைப்படுத்தியது. கப்படோசியாவில் துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரேக்கர்கள் ஆனார்கள். கிரீட் தீவில் கிரேக்க மொழி பேசிய முஸ்லிம்கள் துருக்கியர்கள் ஆனார்கள். வந்து சேர்ந்த ஊரில் இருவருமே வாய் திறந்தவுடன் அந்நியர்கள். கான்ஸ்டாண்டிநோபிளின் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸின் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு.

இன்னொன்று. உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முன்பே அனத்தோலியாவின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலானவர்கள் வெளியேறிவிட்டிருந்தார்கள். அதற்குப் பின் முறையாக இடம் மாற்றப்பட்டவர்கள், கிரீஸிலிருந்து சுமார் மூன்றரை லட்சம் முஸ்லிம்களும், துருக்கியிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் குறைவான கிறிஸ்தவர்களும். ஏற்கெனவே ஓடிவிட்டவர்களுக்கு இந்தக் காகிதம் என்ன செய்தது? அதன் முதல் ஷரத்தே பதில் சொல்கிறது: அந்தந்த அரசின் அனுமதியின்றி யாரும் திரும்பி வந்து குடியேறக்கூடாது. அவர்கள் அதுவரை ஓடியவர்கள். சண்டை ஓய்ந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தவர்கள். இனி அவர்கள் மாற்றப்பட்டவர்கள்.

கிரீன்லாந்தின் தர்க்கம் இங்கே வந்து சேர்கிறது. பின்னால் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டால் மனிதன் முன்னால் நடப்பான். 1888இல் அதைத் தேர்ந்தெடுத்த ஆறு பேரும் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். 1923இல் பதினைந்து லட்சம் பேரை யாரும் கேட்கவில்லை. 1905இல் நார்வேயில் 184 பேரின் எதிர்ப்பைக்கூட எண்ணி எழுதிவைத்தார்கள். இங்கே எண்ணுவதற்கே வாக்கு இல்லை. தான் உட்படும் சோதனைக்கும் பிறரை உட்படுத்தும் சோதனைக்கும் உள்ள வித்தியாசம்தான் விஞ்ஞானிக்கும் அரசியல்வாதிக்கும் உள்ள வித்தியாசம். நான்சன் அந்தக் கோட்டைக் கடந்தபோது அவர் மனத்தில் இருந்தது இரக்கம். இதுதான் சங்கடமான விஷயம். கொடியவன் செய்திருந்தால் கண்டித்துவிட்டுப் போய்விடலாம்.

6

கடைசி வருஷங்களில் அவர் ஆர்மீனியர்களுக்காக அலைந்தார். 1925இல் சோவியத் ஆர்மீனியாவுக்குப் போய், பாசனத்தால் தரிசு நிலத்தைத் திருத்தி அகதிகளைக் குடியேற்றத் திட்டம் வகுத்தார். இங்கே அவர் கேட்டது விரட்டப்பட்டவர்களுக்கு ஒரு திரும்புமிடம். அரசுகள் பணம் தரவில்லை. அதே 1925இல் நார்வேயில் அவர் சோஷலிச எதிர்ப்பு அமைப்பான 'தாய்நாட்டுச் சங்க'த்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். கட்சிகளின் சச்சரவுக்கு மேலே உறுதியான ஓர் ஆட்சி வேண்டும் என்பது அதன் மனநிலை. பஞ்ச நிவாரணத்தில் கார்க்கோவில் அவருடைய பிரதிநிதியாக இருந்து, ஆர்மீனியாவுக்கும் உடன்போன ராணுவ அதிகாரியின் பெயர் விட்குன் குவிஸ்லிங். 1930 மே 13இல் நான்சன் இறந்தார். தேசிய தினமான மே 17இல் அடக்கம். அந்த மாதமே குவிஸ்லிங் நான்சனின் மரணத்தை முன்வைத்துத் தன் அரசியல் எண்ணங்களைப் பத்திரிகையில் எழுதினார். 1940 ஏப்ரல் 9இல் ஜெர்மனி படையெடுத்தபோது ஆட்சியைக் கைப்பற்றியதாக அறிவித்தார், 1945இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பெயர் பல மொழிகளில் துரோகி என்பதற்கான சொல்லாயிற்று.

மகன் ஒட் நான்சன் கட்டடக் கலைஞர். 1936இல் யூதர்களுக்கும் மற்ற அகதிகளுக்கும் உதவ ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1942இல் கைதாகி, பின்னர் சாக்சன்ஹவுசன் முகாமில் இருந்தார். ரகசியமாக எழுதி வெளியே கடத்திய நாட்குறிப்பு போருக்குப் பின் வெளிவந்தது.

ஒரே மனிதனின் நிழலிலிருந்து குவிஸ்லிங்கும் ஒட்டும் புறப்பட்டார்கள். குவிஸ்லிங்கின் குற்றத்தை நான்சன் தலையில் ஏற்றுவது அபத்தம். ஆனால் கட்சிகளின் இரைச்சலை வெறுத்து, செயல் ஒன்றையே நம்பும் மனம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதில் இரக்கம் இருக்கும்வரை அது நான்சன். இரக்கம் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு குவிஸ்லிங் சாட்சி. ஒட் அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு, அதிகாரம் துளியும் இல்லாத இடத்திலிருந்து எழுதினார். மகனுக்குத் திட்டம் எதுவும் இல்லை. தினமும் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துக் குறித்துவைத்தார். தகப்பன் பெர்கனில் நுண்ணோக்கியின் முன் செய்த வேலைக்கு அதுவே மிக அருகில் இருக்கிறது.

நான்சனின் பெயரால் ஐ.நா. அகதிகள் ஆணையம் 1954 முதல் விருது கொடுக்கிறது. கொடுக்கவேண்டியதுதான். ஒரு சான்றிதழைக் கொண்டு மனிதனை மீண்டும் மனிதனாக்க முடியும் என்று அரசுகளுக்குக் காட்டியவர் அவர். மக்கள் தொகையைக் கணக்குப் புத்தகத்தில் வரவு செலவுபோல் மாற்றி எழுதமுடியும் என்றும் அவர் பெயரைச் சொல்லியே காட்டினார்கள். அந்த இரண்டாவது பாடத்தை இருபதாம் நூற்றாண்டு மிக வேகமாகக் கற்றுக்கொண்டது. முதல் பாடத்தை ஒவ்வொரு எல்லைச் சாவடியிலும் இன்னும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.